குதிராம் பாட்டுக்கு வயது என்ன?

வங்காளத்தில் எழுத்து தெரியாதவருக்கும் தெரிந்த ஒரு பாட்டில் சனிக்கிழமை வருகிறது. காலை பத்து மணி தாண்டிய நேரம். ஜட்ஜ் கோர்ட்டில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். தீர்ப்பு தூக்கு. 'ஏக்பார் பிதாய் தே மா' என்று பெயர் சொல்லப்படும் அந்தப் பாட்டு, தூக்குமேடைக்குப் போகும் ஒரு பையன் தாயிடம் விடைபெறுவதாக அமைந்தது. பையனின் பெயர் குதிராம் போஸ். முசாபர்பூர் செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்குத் தூக்குத்தண்டனை விதித்தது 1908 ஜூன் 13 அன்று. பழைய நாள்காட்டியைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்த்தால் அது சனிக்கிழமைதான்.

வழிவழியாக வாயில் வளர்ந்த பாட்டு ஒன்றின் வயதைத் தேடுபவனுக்கு இப்படிக் கிழமையோடு ஒரு துப்பு கிடைப்பது அபூர்வம். கொல்கத்தாவில் யாரைக் கேட்டாலும், குதிராமைத் தூக்கிலிட்ட அன்றே பிறந்த பாட்டு என்பார்கள். ஆகஸ்ட் 11 வந்தால் 'பாடா' எனப்படும் குடியிருப்புப் பகுதிகளின் மன்றங்களில் ஒலிபெருக்கியில் அதுதான் ஓடும். நாம் எல்லோரும் கேட்டிருக்கிற வடிவமோ 1966-ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்காக லதா மங்கேஷ்கர் பாடியது. இரண்டுக்கும் நடுவே 58 ஆண்டுகள். இதில் எந்த ஆண்டில் பாட்டு பிறந்தது என்பது கேள்வி. என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பாட்டில் சரியாக இருக்கும் தகவல்களைவிட, தப்பாக இருக்கும் தகவல்கள்தான் அதன் வயதைக் காட்டிக்கொடுக்கின்றன.

கதை முசாபர்பூரில் முடிந்தாலும் தொடங்கியது கல்கத்தாவில். டக்ளஸ் கிங்ஸ்போர்டு அந்நகரின் தலைமை மாஜிஸ்திரேட். சுதேசி இயக்கத்தின் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக அவர் முன் வந்து நின்றன. 'யுகாந்தர்' வழக்கில் விவேகானந்தரின் தம்பி பூபேந்திரநாத் தத்தருக்கு ஓராண்டு சிறை. 1907 ஆகஸ்டில், நீதிமன்ற வாசலில் போலீஸ்காரரோடு கைகலந்த சுசீல் சென் என்ற பள்ளிப் பையனுக்கு 15 பிரம்படி. சிறைத்தண்டனையை ஊர் பொறுத்துக்கொண்டது. பிள்ளையின் முதுகில் விழுந்த பிரம்பைப் பொறுக்கவில்லை.

அந்தப் பிரம்படியைக் கண்டித்து எழுந்ததாக ஒரு பாட்டை இன்றும் சொல்வார்கள். பிரம்பால் அடித்துத் தாயை மறக்கச் செய்துவிட முடியுமா என்று கேட்கும் பாட்டு. அதை எழுதியவர் காளிபிரசன்ன காவ்யவிசாரத். அவர் ஜப்பானிலிருந்து திரும்பும் வழியில் 1907 ஜூலையிலேயே காலமாகிவிட்டார். சுசீல் அடிவாங்கியது அடுத்த மாதம். ஆக, பாட்டு முந்தியது, அடி பிந்தியது; ஊர்தான் இரண்டையும் முடிச்சுப் போட்டது. குதிராம் பாட்டை எடைபோடுமுன் இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிங்ஸ்போர்டைக் கொல்ல முதலில் அனுப்பப்பட்டது ஒரு புத்தகம். பாரீசுக்குப் போய் வெடிமருந்து கற்றுவந்த ஹேமசந்திர கானூன்கோ, தடித்த சட்டநூல் ஒன்றின் நடுவைக் குடைந்து, கோக்கோ டின்னில் அடைத்த குண்டை அதற்குள் பொருத்தினார். பார்சல் போய்ச் சேர்ந்தது. கிங்ஸ்போர்டு பிரிக்கவே இல்லை, அலமாரியில் வைத்துவிட்டார். படிக்காமல் வைத்த புத்தகத்தால் உயிர் பிழைத்த நீதிபதி வேறு யாரும் இருக்கமாட்டார். 1908 மார்ச்சில் அவரைப் பாதுகாப்புக்காக முசாபர்பூருக்கு மாவட்ட நீதிபதியாக மாற்றினார்கள். மாணிக்தலா பக்கம் முராரிபுக்கூர் தோட்டத்தில் கூடிய குழு, அவர் பின்னாலேயே இரண்டு இளைஞர்களை அனுப்பியது. ஒருவர் மேதினிபூர்க்காரர் குதிராம். மற்றவர் பிரபுல்ல சாக்கி. 'தினேஷ் சந்திர ராய்' என்ற பொய்ப்பெயரில் வந்தவர்.

ஏப்ரல் 30 இரவு எட்டரை மணி வாக்கில், ஐரோப்பியர் கிளப்பிலிருந்து வெளியே வந்த குதிரை வண்டி மீது குண்டு விழுந்தது. வண்டி கிங்ஸ்போர்டுடையது போலவே இருந்தது. உள்ளே இருந்தவர்கள் வழக்கறிஞர் பிரிங்கிள் கென்னடியின் மனைவியும் மகளும். இருவரும் இறந்தார்கள். குதிராம் இரவெல்லாம் நடந்து, மறுநாள் வைனி ரயில் நிலையத்தில் தண்ணீர் கேட்ட இடத்தில் பிடிபட்டார். இரண்டு ரிவால்வர், 37 தோட்டா, 30 ரூபாய், ஒரு ரயில்வே வரைபடம் அவரிடம் இருந்தன. பிரபுல்ல சாக்கி மொகாமா நிலையத்தில் போலீஸ் நெருங்கியபோது தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அவரை அடையாளம் காண்பதற்காகத் தலையைத் துண்டித்துக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

பிறகு வழக்கு. மே 21-ல் விசாரணை, ஜூன் 13-ல் தீர்ப்பு, ஜூலை 13-ல் கல்கத்தா உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. அந்தக் கோடையே தண்டனைகளின் கோடை. ஜூலை 7-ல் நெல்லையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. ஜூலை 22-ல் திலகருக்கு ஆறாண்டு மாண்டலே. அவர் செய்த குற்றமே இந்த முசாபர்பூர் குண்டைப் பற்றி 'கேசரி'யில் எழுதியதுதான். ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் குதிராம் தூக்கிலிடப்பட்டார். வயது பதினெட்டு முடிந்து எட்டு மாதம், எட்டு நாள்.

முகம் மலர நிமிர்ந்து மேடையேறினார் என்று கல்கத்தாப் பத்திரிகைகள் எழுதின. வெள்ளையர் பத்திரிகையும் அதைத்தான் எழுதியது. பாட்டிலும் பையன் சிரித்தபடியே கயிற்றை ஏற்கிறான். சனிக்கிழமைக்கு அடுத்து, 1908-ஐச் சேர்ந்தது என்று நான் நம்பத் தயாராக இருக்கும் இரண்டாவது செய்தி இது.

சனிக்கிழமை தற்செயலாக வந்திருக்கலாமே என்று கேட்கலாம். வரலாம். கோர்ட் நடப்பது வாரத்தில் ஆறு நாள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆனால் பாடுகிறவன் கற்பனையில் கிழமை போடுவதாக இருந்தால் தூக்கு நாளுக்குப் போட்டிருப்பான். தீர்ப்பு நாளுக்குக் கிழமை சொல்வதும், சாதாரண கச்சேரி என்னாமல் ஜட்ஜ் கோர்ட் என்று பிரித்துச் சொல்வதும், கோர்ட் கூடும் நேரத்தைச் சொல்வதும், செய்தி சூடாக இருந்தபோது வந்த வேலையாகத்தான் எனக்குப் படுகிறது. பத்து வருடம் கழித்து எவனுக்கும் தீர்ப்பு சொன்ன கிழமை ஞாபகம் இருக்காது.

அப்படிச் செய்தியைச் சூடாகப் பாட்டாக்கும் பழக்கம் கல்கத்தாவுக்கு ஏற்கெனவே இருந்தது. நம்மூரில் குஜிலிக் கடைத் தாள்களும் கொலைச்சிந்தும் எப்படியோ, அங்கே வடக்குக் கல்கத்தாவின் பட்தலா அச்சகங்கள் அப்படி. 1873-ல் தாரகேஸ்வரம் மடத்து மகந்தோடு தொடர்பு என்று சொல்லி எலோகேசி என்ற இளம்பெண்ணை அவள் கணவன் நபீன் வெட்டிக் கொன்ற வழக்கு நடந்தது. அந்த ஒரு வழக்கில் வந்த நாடகங்கள், மலிவுப் புத்தகங்கள், காளிகாட் பட ஓவியங்கள், தெருப்பாட்டுகளை வைத்தே ஒரு நூலகம் நிரப்பலாம். லண்டனில் செவன் டயல்ஸ் அச்சகங்களும் அதே தொழில்தான் செய்தன. தூக்குக்கைதி தன் வாயால் சொல்வதுபோல் கடைசிப் பாட்டு ஒன்றை முன்கூட்டியே அச்சடித்து, தூக்குமேடைக் கூட்டத்திலேயே விற்றுவிடுவார்கள். சாகப்போகிறவன் 'நான்' என்று பாடுவது உலகத்துத் தெருப்பாட்டுகளுக்குப் பொதுவான சூத்திரம். குதிராம் பாட்டும் அந்தச் சூத்திரத்தில் நிற்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. எலோகேசியை அச்சடித்து விற்கலாம், குதிராமை முடியாது. 1908 ஜூன் 8 அன்று, தீர்ப்புக்கு ஐந்து நாள் முன்பு, குற்றத்தைத் தூண்டும் பத்திரிகைகளின் அச்சகத்தையே பறிமுதல் செய்யும் சட்டம் வந்தது. வெடிபொருள் சட்டமும் அன்றே. 1910-ல் பத்திரிகைச் சட்டம் கழுத்தை இன்னும் இறுக்கியது. பாரிசால் பக்கத்து, ஜாத்திரை என்ற நாட்டுப்புற நாடகத்தின் கலைஞர் முகுந்த தாஸ் பாட்டுக்காகவே 1908-ல் கைதாகி, தில்லிச் சிறையில் சில ஆண்டுகள் கிடந்தார். அதே ஆண்டில்தான் சியால்தாவில் கிராமபோன் கம்பெனி இசைத்தட்டு ஆலையைத் திறந்தது. அதுவரை கல்கத்தாப் பாடகர்களின் தட்டுகள் ஜெர்மனியில் ஹானோவரில் அடிக்கப்பட்டு வந்தன. பாட்டைப் பதிய இயந்திரம் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டது, ஆனால் இந்தப் பாட்டை அதன் வாயருகே கொண்டுபோக ஆள் கிடையாது.

அச்சுக்கு வழியில்லாத பெயர் துணியில் ஏறியது. கரையில் குதிராம் பெயர் நெய்த வேட்டிகளை இளைஞர்கள் கட்டித் திரிந்ததையும், அவர் புகைப்படம் ஏராளமாக விற்றதையும் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையாளர் வாலன்டைன் சிரோல் 1910-ல் வெளியிட்ட நூலில் எரிச்சலோடு குறித்திருக்கிறார். வங்காள நெசவாளருக்கு இது புதிதல்ல. விதவை மறுமணச் சட்டம் வந்தபோது வித்யாசாகரை வாழ்த்தும் பாட்டையே சாந்திப்பூர்ச் சேலைக் கரையில் நெய்தவர்கள் அவர்கள். வேட்டிக்கு ஆண்டு தெரிகிறது, எரிச்சல்பட்ட சாட்சியும் இருக்கிறார். வாய்ப்பாட்டுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே பாட்டுக்குள்ளேயே புக வேண்டியிருக்கிறது.

புகுந்தால், தப்பு மேல் தப்பு. பாட்டில் பையன் தானே குண்டு செய்கிறான். உண்மையில் குண்டு கல்கத்தாவிலிருந்து செய்து அனுப்பப்பட்டது. கையில் ஒரு கத்தி இருந்திருந்தால் பிடிபட்டிருப்பேனா என்று பாட்டில் அவன் ஆதங்கப்படுகிறான். பிடிபட்டபோது குதிராமிடம் இரண்டு துப்பாக்கி இருந்தது! கான்ஸ்டபிள்கள் கையை மடக்கிப் பிடித்ததால் பயன்படுத்த முடியவில்லை என்பதுதான் சங்கதி. இந்த இரண்டும் கிராமத்துப் பாடகனின் கற்பனைக்கு எட்டிய உலகம். காலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ரிவால்வரைவிடக் கத்தி அவனுக்குப் பழக்கமானது, அவ்வளவே.

அடுத்த தப்பு அப்படிப்பட்டதல்ல. பாட்டில் குறி வைக்கப்படுபவர் கிங்ஸ்போர்டு இல்லை, வைசிராய். வங்காளிகள் வைசிராயைப் 'படலாட்' என்பார்கள், பெரிய லாட் துரை. மாகாணத்தை ஆண்ட துணை கவர்னர் 'சோட்டலாட்', சின்ன லாட். சின்ன லாட் ஆண்ட்ரூ பிரேசர் வந்த ரயிலை 1907 டிசம்பர் 6 அன்று நாராயண்கட் அருகே கவிழ்க்கப் பார்த்தது இதே குழுதான். அது மேதினிபூர் மாவட்டம், குதிராமின் சொந்த மாவட்டம். அங்கே ரயிலடிக் குண்டும் முசாபர்பூர் குண்டும் ஒன்றாகக் குழம்பியிருக்க இடமுண்டு. ஆனால் குழம்பினால் சின்ன லாட் அல்லவா வர வேண்டும்? பெரிய லாட் மீது குண்டு விழுந்து இந்தியா முழுவதும் பேசியது 1912 டிசம்பர் 23 அன்று. தில்லி சாந்தினி சௌக்கில், யானை மேல் வந்த ஹார்டிஞ்ச் பிரபு மீது. திட்டமிட்டவர் ராஷ் பிகாரி போஸ், வீசியவர் என்று தூக்கிலிடப்பட்டவர் வங்காளத்து இளைஞர் பசந்த குமார் பிஸ்வாஸ். குதிராம் குறிவைத்த நீதிபதி பாட்டில் வைசிராயாகப் பதவி உயர்ந்தது இதற்குப் பிறகுதான் என்பது என் ஊகம். 1908-ல் தீர்ப்பு நாளின் கிழமையை நினைவில் வைத்திருந்த அதே வாய், கொல்லப் பார்த்தது யாரை என்பதை மறந்திருக்காது. அந்த அடி வேறு வாயிலிருந்து, வேறு காலத்தில் வந்தது.

இதே இடத்தில் பாட்டு இன்னொன்றும் செய்கிறது. வைசிராய்க்குப் பதிலாக வேறோர் இங்கிலாந்துக்காரர் செத்துப்போனதாக ஒரே வரியில் கடந்துவிடுகிறது. ஒருவர், ஆணா பெண்ணா என்பதும் இல்லை. இறந்தவர்கள் ஒரு தாயும் மகளும். தாயிடம் விடைகேட்கும் பாட்டில் அந்தத் தாய்க்கும் மகளுக்கும் இடம் கொடுத்தால் பாட்டு நிற்காது என்பது பாடியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; கைகாரத்தனம் என்று சொல்வேன்.

பிறகு அபிராம். பாட்டில் குதிராமுக்குத் தூக்கு, அபிராம் என்பவனுக்குத் தீவாந்தரம். முசாபர்பூர் வழக்கில் அபிராம் என்று ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. தீவு என்றால் அந்தமான். முராரிபுக்கூர் குழுவின் பாரீந்திர கோஷும் உல்லாஸ்கர் தத்தும் அலிப்பூர் வழக்கில் 1909 மே மாதம் தூக்குத்தண்டனை பெற்று, அந்த ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் அது தீவாந்தரமாகக் குறைந்தது. ஆகவே இந்த அடி 1909-க்குப் பிந்தியது என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. எலோகேசியைக் கொன்ற நபீனுக்கும் 1873-ல் தீவாந்தரம்தான். தூக்கையும் தீவையும் ஜோடி சேர்ப்பது கல்கத்தாத் தெருப்பாட்டுக்குப் பழைய கைப்பழக்கம். அதைவிட அபிராம் யார் என்ற கேள்விதான் சுவையானது. முசாபர்பூருக்குப் போனவர்கள் இருவர் என்று ஊருக்குத் தெரியும். இரண்டாமவரின் பெயர் தினேஷ் என்று குதிராமே வாக்குமூலத்தில் சொன்னார். அவருக்கு உண்மைப் பெயர் தெரியாது. பிரபுல்ல சாக்கி பாட்டில் எங்குமே இல்லை. இரண்டாவது பையனுக்கு ஓர் இடம் இருந்தது, ஊருக்கு உறுதியான பெயர் இல்லை, குதிராமோடு எதுகை கூடும் பெயர் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது என்று நினைக்கிறேன். அப்படியானால் இந்த அடி மிகவும் பழையது. சாக்கியின் பெயர் தியாகிகள் பட்டியலில் நிலைத்த பிறகு ஒருவர் எழுதியிருந்தால், அபிராமுக்கு வேலையே இல்லை.

தாயும் உண்மைத் தாயல்ல. குதிராமின் தாய் லட்சுமிப்பிரியா அவர் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார், தந்தை திரைலோக்கியநாத்தும். முன்பு பிறந்த ஆண்பிள்ளைகள் தங்காததால், பிறந்த குழந்தையை அக்காள் மூன்று பிடி நொய் கொடுத்து விலைக்கு வாங்கியதாகச் சடங்கு செய்தார்கள். நொய்யைக் குறிக்கும் 'குத்' என்பதிலிருந்துதான் அந்தப் பெயரே. நம் பக்கத்தில் பிச்சை, குப்பை என்று பேர் வைத்துக் காப்பாற்றுவதுபோல. வளர்த்தவர் அக்காள் அபரூபா. பாட்டில் அக்காள் இல்லை, நொய்க் கதையும் இல்லை. மேதினிபூரில், வீட்டை அறிந்தவர் யாராவது கட்டிய பாட்டாக இருந்தால் அந்த மூன்று பிடி நொய்யை விட்டிருப்பாரா? பாடுகிறவனுக்குக் கிடைக்கக்கூடியதிலேயே நல்ல விஷயம் அது. ஆகவே பாட்டு அவர் ஊரில் பிறக்கவில்லை என்பேன். செய்தி போன பாதையில், பத்திரிகை படித்துக் காட்டப்பட்ட ஏதோ சந்தையில் பிறந்திருக்கிறது.

இனி எண்கள். எண்களைப் பாடகர்கள் அலட்சியமாகப் போடுவார்கள் என்பதால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அவை அல்வா. தன் தாய்க்கு மீதம் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று குதிராம் பாட்டில் கணக்கு சொல்கிறான்: முப்பத்துமூன்று கோடியும் பன்னிரண்டு லட்சமும். 1901 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியா 29.4 கோடி. அந்த எண்ணை வைத்துத்தான் நம் பாரதி தாய்க்கு முப்பது கோடி முகம் கண்டார். அன்றைய சுதேசிப் பேச்சு எல்லாவற்றிலும் முப்பது கோடிதான். 1911-ல் 31.5 கோடி, 1921-ல் 31.9, 1931-ல் 35.3. முப்பத்துமூன்று கோடி என்பது 1908-ன் வாயில் வரக்கூடிய எண்ணே அல்ல. 1921-க்கும் 1931-க்கும் நடுவில் எங்கோ விழுகிறது. முப்பத்துமுக்கோடி தேவர் கணக்கு வங்காளிக்கும் உண்டு, அதிலிருந்து எடுத்திருக்கலாமே என்பது நியாயமான மறுப்பு. கோடிக் கணக்கு தேவர்களுடையது என்றே வைத்துக்கொள்வோம்; பன்னிரண்டு லட்சம் எந்தப் புராணத்தில் வருகிறது? சென்சஸ் வாடை அடிக்கிறது. காங்கிரஸ் கிராமத்துக்குள் போய், கூட்டம் போட்டு, நாட்டின் தலைகளை எண்ணிச் சொல்லத் தொடங்கிய பிறகு ஏறிய அடி இது.

பாட்டின் உச்சம் மறுபிறவி. மறுபடி சித்தி வீட்டில், தாயின் தங்கை வயிற்றில், பிறந்து வருவேன், அடையாளம் தெரியாவிட்டால் கழுத்தில் கயிற்றுத் தடம் பார் என்கிறான் பையன். இன்று பாடுவது பத்து மாதம் பத்து நாள் கழித்து என்று. இங்கேதான் நமக்கு ஒரு பெரிய சாட்சி வருகிறார்: காஜி நஸ்ருல் இஸ்லாம். 'ருத்ரமங்கல்' தொகுப்பில் உள்ள 'குதிராமின் தாய்' என்ற கட்டுரையில் நஸ்ருல் இந்தப் பாட்டின் மறுபிறவி அடியை எடுத்தாள்கிறார். கட்டுரை 1920-களைச் சேர்ந்தது. அதில் பத்து மாதம் பத்து நாள் இல்லை. பதினெட்டு மாதம் இருக்கிறது.

இது சின்ன விஷயமல்ல. முதலாவதாக, 1920-களில் பாட்டு ஊரறிந்ததாக இருந்திருக்கிறது. பெயர் சொல்லாமலே வாசகர் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கையில் ஒரு கவிஞர் அதைத் தொடுகிறார். இரண்டாவதாக, அன்று வாயில் இருந்த வடிவம் இன்றையது அல்ல. பதினெட்டு மாதத்தில் எந்தப் பிள்ளையும் பிறப்பதில்லை. தூக்கில் ஏறியவனின் வயது பதினெட்டு என்பது பாடகன் காதில் ஒலித்துக்கொண்டே இருந்து, மாதக் கணக்குக்குள் நழுவியிருக்கலாம். பிறகு வந்த யாரோ ஒரு விவரமானவர் கர்ப்பக் கணக்கைத் திருத்திவிட்டார். பதிப்புத் தொழிலில் ஒரு பழைய விதி உண்டு: இரண்டு பாடங்கள் இருந்தால் கரடுமுரடானதே பழையது. உ.வே.சா. ஏட்டுச்சுவடியில் செய்த வேலைதான். இங்கே ஏடு இல்லை, தொண்டை இருக்கிறது.

இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்று நடந்தது. 'தி கட்டி ரென்' என்று ஒரு பழைய பாட்டு. விநோதமான பெயருள்ள நாலு பேர் ஒரு குட்டிக் குருவியை வேட்டையாடக் கிளம்புவார்கள். அதைச் சுடப் பீரங்கி வேண்டும், தூக்க வண்டி வேண்டும் என்று வளரும். நாட்டுப்புற இசை அறிஞரும் இடதுசாரியுமான ஏ. எல். லாய்டு 1944-ல் எழுதிய சிறு நூலில், இது 1381 உழவர் எழுச்சியின் பாட்டு, குருவி என்பது ஆண்டைகளின் சொத்து என்றார். கேட்டவர்களுக்குப் பிடித்துவிட்டது. 1962-ல் ஆர்னால்டு வெஸ்கர் தன் நாடகத்தில் அதிகாரிகளுக்கு முகத்தில் அறைவதுபோல் சிப்பாய்களை அதைப் பாட வைத்தார். ஆனால் எழுத்தில் அந்தப் பாட்டு 18-ஆம் நூற்றாண்டுக்கு முன் கிடைக்கவில்லை. டிசம்பர் கடைசியில் கிராமத்துப் பையன்கள் அந்தக் குருவியைப் பிடித்து ஊர்வலம் போகும் வழக்கத்தோடுதான் அது ஒட்டி வந்திருக்கிறது. அங்கே, பழைய கலகத்துக்கு ஆசைப்பட்டு ஒரு பாட்டுக்கு நாலு நூற்றாண்டு வயதைக் கூட்டினார்கள். ஆதாரத்துக்கு ஒரு கிழமைகூட அவர்களிடம் இல்லை. குதிராம் பாட்டில் கிழமை இருக்கிறது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

யார் எழுதியது? வழக்கில் இரண்டு பெயர்கள் உண்டு. பாங்குராவைச் சேர்ந்த நாட்டுக்கவி பீதாம்பர் தாஸ் என்பது பரவலான கருத்து. முகுந்த தாஸ் என்பது இன்னொன்று. முகுந்த தாஸ் பெயர் ஒட்டியது எப்படி என்று எளிதில் விளங்குகிறது: சுதேசிப் பாட்டு பாடிச் சிறைக்குப் போன தாஸ் என்றால் எல்லோருக்கும் அவர்தான் நினைவுக்கு வருவார், தாஸ் என்ற பெயரும் பொருந்திவிட்டது. ஆனால் 1908-ல் கைதானவர், அந்த ஆண்டின் சனிக்கிழமைச் சூட்டோடு இந்தப் பாட்டை ஊர் ஊராகப் பரப்பியிருக்க முடியாது. அவருடைய ஜாத்திரைப் பாட்டுகளின் நடையும் வேறு. மேடைக்கு எழுதியவை, கைதட்டலுக்கு இடம் விட்டு எழுதியவை. இதுவோ ஏகதாரி என்ற ஒற்றைத்தந்தி வாத்தியத்தை வைத்துக்கொண்டு ஒற்றை ஆள் நடந்துகொண்டே பாடத் தோதானது. பாங்குரா பக்கம்தான் என் வாக்கும். பீதாம்பர் தாஸ் கட்டியது எத்தனை அடி என்பது வேறு சங்கதி. சனிக்கிழமை, சிரிப்பு, பெயர் தெரியாத கூட்டாளி, பதினெட்டு மாதம் ஆகியவற்றை அவர் கணக்கில் எழுதுவேன். வைசிராயையும் மக்கள்தொகையையும் அவர் தலையில் கட்டமாட்டேன்.

1966-ல் வங்காளப் படம் 'சுபாஷ் சந்திரா' வந்தது. பியூஷ் போஸ் இயக்கம், அபரேஷ் லாஹிரி இசை; பின்னாளில் இந்திப் படவுலகை டிஸ்கோவில் ஆட்டிவைத்த பப்பி லாஹிரியின் தந்தை. லதாவின் குரலில் பாட்டு மூன்று நிமிடச் சொச்சத்துக்குள் அடங்கியது. எந்த அடி முன், எந்த அடி பின் என்ற வரிசை அன்று கெட்டியாயிற்று. அதுவரை ஊருக்கு ஒரு அடி கூட்டியும் குறைத்தும் வந்தவர்கள் தட்டைப் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள். இன்று சியால்தாவிலிருந்தும் ஹௌராவிலிருந்தும் கிளம்பும் லோக்கல் ரயில்களில் பாடிக் காசு வாங்குகிறவர்கள் பாடுவது தாத்தாவிடம் கேட்டதல்ல, லதாவிடம் கேட்டது. வாய்மொழிப் பாட்டின் ஆயுள் 1908-லிருந்து 1966 வரை என்று வைத்துக்கொண்டால் பெரிய தப்பாகாது. பிறகு நடப்பது மனப்பாடம்.

உயர்நீதிமன்றத்துக்கு அருகில் குதிராமுக்குச் சிலை இருக்கிறது. மெட்ரோவில் 2010 முதல் 'ஷஹீத் குதிராம்' நிலையம். வைனி ரயில் நிலையம் குதிராம் போஸ் பூசா ஆகிவிட்டது, முசாபர்பூர்ச் சிறைக்கும் அவர் பெயர். இவை எல்லாவற்றுக்கும் திறப்பு விழாத் தேதியும் கல்வெட்டும் உண்டு. பாட்டுக்கும் ஒரு கல்வெட்டுத் தேதி வேண்டும் என்ற ஆசை கொல்கத்தாவில் அடங்குவதாக இல்லை. ஆகஸ்ட் வந்தால் அசல் பாட்டு என்ற பேச்சும் வரும். நாளைக்கே ஒருவர் பழுப்பேறிய தாளைக் கொண்டுவந்து, 1908-லேயே எழுதிவைத்த முழுப் பாட்டு என்று நீட்டினால், தாளையும் மையையும் நிபுணர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் நேராக மூன்று இடங்களைப் பார்ப்பேன். பிள்ளை பத்து மாதத்தில் பிறக்கிறதா, குறி வைசிராய்க்கா, நாட்டில் முப்பத்துமூன்று கோடிப் பேர் இருக்கிறார்களா என்று. மூன்றுக்கும் ஆம் என்றால், அவர் கையில் இருப்பது லதாவின் தட்டைக் கேட்டு எழுதிய தாள்.